டாக்டரையும் ஊதச் சொல்லுங்கள்!

(பயிற்சி மருத்துவர்களின் பணிநேரத்துக்கு வரம்பு கோரி நடந்த மே நாள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எனக்கு முன் பேசியவர்கள் எல்லாம் ஸ்டெதாஸ்கோப் பிடித்தவர்கள். நான் ஸ்டியரிங் பிடித்தவன். அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவனுக்கு இந்த மேடையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

டிப்போவில் வண்டியை எடுக்கும் முன் எங்களை ஊதச் சொல்வார்கள். நூறு மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டியைத் தொடக்கூடாது. தொட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவு பாயும். பாயட்டும், பின்னால் அறுபது உயிர் உட்கார்ந்திருக்கிறது.

இப்போது இதைக் கேளுங்கள். 1997இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் இரண்டு பேர், கண்ணும் கையும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை ஒன்றைச் சிலருக்குக் கொடுத்தார்கள். ஒரு முறை தூங்கவிடாமல், இன்னொரு முறை குடிக்கவைத்து. 24 மணி நேரம் விழித்திருந்தவன் தடுமாறியது, ரத்தத்தில் 0.1 சதவீதம் ஆல்கஹால் ஏறியவன் தடுமாறியதற்குச் சமமாக இருந்தது. அதாவது நூறு மில்லிக்கு 100 மில்லிகிராம். என்னை வண்டியிலிருந்து இறக்கிவிடும் அளவைப் போல மூன்று மடங்குக்கும் மேல்! அந்த நிலையில் இருப்பவனிடம் பஸ்ஸைத் தரமாட்டீர்கள். உங்கள் பிள்ளையை மட்டும் தருவீர்களா?

அட்மிஷன் டே என்றால் என்னவென்று இவர்களைக் கேளுங்கள். காலை எட்டு மணிக்கு வார்டுக்குள் நுழைகிற பி.ஜி. மாணவர் பகலும் இரவும் வருகிற கேஸ்களை எல்லாம் பார்க்கிறார். விடிந்ததும் வீட்டுக்குப் போகிறாரா? இல்லை. சீஃப் ரவுண்ட்ஸ் இருக்கிறது. அது முடிந்தால் ஓ.பி. இரண்டாம் நாள் சாயங்காலம்தான் ஹாஸ்டல் கட்டில்.

என் வீட்டுக்காரம்மாவுக்குத் துணையாக ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தபோது என் கண்ணால் பார்த்தேன். விடியற்காலை மூன்றரை மணி. ஒரு பெண் ஹவுஸ் சர்ஜன் கேஸ் ஷீட் எழுதிக்கொண்டிருக்கிறாள். மருந்தின் பெயரை எழுதியாகிவிட்டது. அளவை எழுதப் போன பேனா கோட்டை விட்டு இறங்கி, தாளின் ஓரம் வரை கீறிக்கொண்டே போய் நின்றது. திடுக்கிட்டு நிமிர்ந்தாள், கண்ணைக் கசக்கினாள், அந்தக் கீறலின் மேலேயே அளவை எழுதினாள். அது சரியான அளவுதானா? அந்த நேரத்தில் அவளுக்கே தெரிந்திருக்குமா?

"நாங்களெல்லாம் இப்படித்தானே டாக்டர் ஆனோம்?" என்கிறார்கள் பெரிய டாக்டர்கள். ஐயா, இந்த முறை எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மேதை, இளம் டாக்டர்களை ஆஸ்பத்திரியிலேயே குடியிருக்க வைத்துப் பழக்கினார். பெரிய மேதைதான், மறுக்கவில்லை. ஆனால் கொக்கைனுக்கும் பிறகு மார்பினுக்கும் அடிமையாக இருந்தவர். அவர் காட்டிய வழிதான் நமக்கு வேதமா?

அந்த அமெரிக்காவே விழித்துக்கொண்டது. 1984இல் நியூயார்க்கில் லிபி சயன் என்ற 18 வயதுப் பெண், ஆஸ்பத்திரியில் சேர்ந்த சில மணி நேரத்தில் இறந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டவர்கள் நீண்ட டியூட்டியில் இருந்த பயிற்சி டாக்டர்கள். தகப்பன் பத்திரிகைக்காரர், விடவில்லை. விசாரித்த ஜூரி டாக்டர்கள் மேல் குற்ற வழக்குப் போடச் சொல்லவில்லை. அவர்களை அப்படி வேலை வாங்கிய முறையைச் சாடியது. 1989இல் நியூயார்க் வாரத்துக்கு 80 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. 2003இல் அமெரிக்கா முழுக்க அதே வரம்பு வந்தது. ஐரோப்பா 2009இல் 48 மணிக்கு இறங்கியது.

இங்கே சிலர் அமெரிக்க ஆய்வுகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ஒரே ஷிஃப்டை நீட்டினாலும் நோயாளிகளின் சாவு கூடவில்லையாம். நல்லது. அந்த ஆய்வுகளில் ஷிஃப்ட் நீண்டவர்களுக்கும் நீளாதவர்களுக்கும் வாரம் 80 மணி என்ற கூரை இருந்ததே, அதை ஏன் விழுங்குகிறீர்கள்? நம் பிள்ளைகளுக்குக் கூரை எங்கே?

காகிதத்தில் இருக்கிறது! 1992 ஜூனில் மத்திய சுகாதார அமைச்சகம் உத்தரவு போட்டது: ஒரே மூச்சில் 12 மணிக்கு மேல் கூடாது, வாரத்துக்கு 48 மணி. கூடவே, தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு வாலும் வைத்தார்கள். அந்த வால் நாயையே தின்றுவிட்டது. 2023இல் தேசிய மருத்துவ ஆணையம் விதி எழுதியது: நியாயமான நேரம் வேலை, நியாயமான ஓய்வு. எண் எங்கே? இல்லை! 2024இல் ஆணையத்தின் பணிக்குழு வாரத்துக்கு 74 மணி என்று பரிந்துரைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி. கர் ஆஸ்பத்திரியில், நீண்ட டியூட்டிக்கு நடுவே செமினார் ஹாலில் போய்ப் படுத்த பயிற்சி டாக்டர் கொல்லப்பட்டார். படுக்க ஒரு பூட்டு போட்ட அறை இல்லை.

நேரத்தைக் குறைத்தால் தொழில் கற்க முடியாதாம். இந்தப் பிள்ளைகள் ராத்திரியில் என்ன கற்கிறார்கள்? ரத்தக் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு லேபுக்கு ஓடுவது. ஸ்கேனுக்குத் தேதி கேட்டு நிற்பது. ஆள் இல்லாவிட்டால் டிராலி தள்ளுவது. டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுவது. இதற்கெல்லாம் ஆள் போட்டால் சம்பளம் கொடுக்க வேண்டும். பயிற்சி என்று பெயர் வைத்தால் ஸ்டைபெண்டோடு போயிற்று. கணக்கு அவ்வளவுதான் தோழர்களே!

1923இல் சிங்காரவேலர் இந்தச் சென்னையில் மே நாள் கொண்டாடினார். சரியாக நூறு ஆண்டு கழித்து, 12 மணி நேர வேலைக்குக் கதவு திறக்கிற மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. கொதித்தோம். அந்த மே நாளிலேயே திரும்பப் பெற வைத்தோம். பன்னிரண்டுக்கே கொதித்த நாம் முப்பதையும் தாண்டுகிற டியூட்டியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதா?

கேட்பது மூன்று. 1992இல் எழுதிய 12, 48 இரண்டையும் வால் வெட்டி அமல்படுத்துங்கள். டியூட்டிக்கு வந்த மணி, போன மணி எழுத வார்டுக்கு வார்டு ரிஜிஸ்டர் வையுங்கள்; வரம்பு தாண்டினால் டீன் பதில் சொல்லட்டும். காலிப் பணியிடங்களை நிரப்புங்கள், லேபுக்கு ஓடுகிற ஆள் உட்பட.

மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது. போஸ்ட்-டியூட்டியில் வந்தவர்கள் முதலில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஹாஸ்டலுக்குப் போய்ப் படுங்கள். ஊர்வலத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.