இயலாமையும் திருவருளும்
(தென்காசி மாசி மகப் பெருவிழாச் சொற்பொழிவு)



உலகம்மையுடன் காசி விசுவநாதப் பெருமான் எழுந்தருளியிருக்கும் இத்திருக்கோயிலுக்குள் நீங்கள் நுழைந்தபோது, இராசகோபுர வாயிலில் வீசும் காற்று உங்களை எதிர்கொண்டிருக்கும். இளைஞர் அதனை விளையாட்டாகக் கொள்வர். முதியோரோ ஒரு கையால் மேலாடையைப் பற்றிக்கொண்டு, மறு கையால் உடன் வருவார் தோளைப் பற்றிக்கொள்வர். நாமும் இன்று ஒரு சிறுவன் தோளைப் பற்றிக்கொண்டே உள்ளே வந்தோம். இளமையில் இவ்வீதிகளில் ஓடித் திரிந்த கால்கள், இன்று ஒரு காற்றுக்குத் தயங்குகின்றன. ஆதலின், 'இயலாமை' என்பது யாது என்பதனையே இன்று சிந்திக்கலாம் என்று எண்ணினோம்.

இயலாமை என்னும் சொல்லைக் கேட்டதும் ஒவ்வொருவர்க்கும் ஒவ்வொன்று நினைவுக்கு வரும். நோயாளிக்கு உடல் வலிமை இன்மை. வறியவர்க்குப் பொருள் இன்மை. பதவி இழந்தவர்க்கு அதிகாரம் இன்மை. கல்லாதவர்க்கு அறிவு இன்மை. இவை யாவும் ஒன்றுதானா? இவற்றுள் எது உண்மையான இயலாமை? இதனை ஆராய இத்தலத்தைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. ஏனெனில் இக்கோயில் எழுந்ததே இயலாதவர் பொருட்டுத்தான்.

தலவரலாறு கூறுவதைக் கேளுங்கள். பாண்டியர் குலத்து முன்னோர் பலர் காசிக்குச் சென்று விசுவநாதரை வழிபட விரும்பினர். ஆனால் அங்குச் சேரும் முன்னரே வழியில் உயிர் நீத்தனர். அவர்தம் ஏக்கம் தீர இறைவன் பராக்கிரம பாண்டியரின் கனவில் தோன்றி, தெற்கே சித்திரா நதிக் கரையில் தமக்கு ஓர் ஆலயம் எடுக்கப் பணித்தான். ஊர்ந்து செல்லும் எறும்புச் சாரையைத் தொடர்ந்து சென்றால் உரிய இடம் விளங்கும் என்றும் அருளினான். யானைப்படை உடைய மன்னனுக்கு வழிகாட்டியது எறும்பு! போக இயலாதவரை நோக்கிக் காசியே புறப்பட்டு வந்ததனால் இவ்வூர் தென்காசி ஆயிற்று.

எம் ஆச்சி இதனை வேறு விதமாகச் சொல்வார். "காசிக்குப் போக நமக்குக் காலும் இல்லை, காசும் இல்லை, அதனால்தான் காசி இங்கே வந்திருக்கு" என்பார். ஏட்டுக் கல்வி இல்லாத அந்த மூதாட்டியார் ஒரு வரியில் சொன்னதைத்தான் நாம் ஒரு மணி நேரமாக விரித்துக்கொண்டிருக்கின்றோம்.

முதலாவதாக, உடல் இயலாமை. திருநாவுக்கரசு சுவாமிகள் முதுமையில் கயிலைக் காட்சியை விரும்பிப் புறப்பட்டார். காசியையும் கடந்து தனியே சென்றார். கால்கள் தேய்ந்தன; கைகளால் தாவினார். கைகள் தேய்ந்தன, மார்பினால் உந்தினார். அதுவும் இயலாதபோது புரண்டு சென்றார். முடிவில் அசைவும் அற்றுக் கிடந்தார். இறைவன் அவரை வழியிலேயே தடுத்தாட்கொண்டு, அங்குள்ள பொய்கையில் மூழ்கச் செய்து, திருவையாற்றில் எழச் செய்து, அங்கே கயிலைக் காட்சியைக் காட்டியருளினான். அன்பர்களே, உடம்பு இறுதிவரை இயலாமையிலேயே நின்றது. ஆனால் விருப்பம் ஒரு நாளும் தேயவில்லை. கால் தேய்வது குற்றமன்று. காதல் தேய்வதே குற்றம்.

அடுத்து, பொருள் இயலாமை. திருநின்றவூர்ப் பூசலாருக்குக் கோயில் கட்ட ஆசை; கையில் பொருள் இல்லை. தேடியும் கிடைக்கவில்லை. மனத்திலேயே கல்லும் மரமும் சேர்த்தார்; தச்சரை அழைத்தார்; நாள் குறித்தார். காஞ்சியில் காடவர்கோன் கற்கோயில் எடுத்துக் குடமுழுக்குக்கு அதே நாளைக் குறித்தான். இறைவன் அரசனின் கனவில் தோன்றி, அந்நாளில் அன்பன் எடுத்த ஆலயத்தில் தான் புகவிருப்பதால் வேறொரு நாள் கொள்க என்றான். அரசன் நின்றவூர் சென்று கோயிலைத் தேடினான். ஊரார் எவரும் அறியவில்லை. பூசலார் காலில் விழுந்த பின்னரே அக்கோயில் எங்கிருந்தது என்பது உலகுக்குத் தெரிந்தது. பொருள் இல்லாதவன் ஒன்றும் செய்ய மாட்டாதவன் என்று எண்ணுவோர் இவ்வரலாற்றை ஒருமுறை நினைத்தல் நன்று.

மூன்றாவது, அதிகாரம் இன்மை. இதற்கு நம் பாண்டியரே சான்று. 1311ஆம் ஆண்டில் மாலிக் காபூரின் படை மதுரையைச் சூறையாடியது. பின்னர் அங்குச் சுல்தானியர் ஆட்சியும், அதனை அகற்றிய விசயநகரத்தார் ஆட்சியும் வந்தன. தமிழ்ச் சங்கம் வளர்த்த குலத்தார் தம் தலைநகரை இழந்து தெற்கே ஒதுங்கினர். அவ்வாறு சுருங்கிய நாட்டைத்தான் 1422 முதல் 1463 வரை அரிகேசரி பராக்கிரம பாண்டியர் ஆண்டார். அவர் இழந்ததை எண்ணிப் புலம்பிக் காலம் கழித்திருக்கலாம். அங்ஙனம் செய்யவில்லை. 1446இல் இத்திருக்கோயிற் பணியைத் தொடங்கினார். அவர் வழியில் வந்த அதிவீரராம பாண்டியரோ நைடதம் பாடினார். காசிக் காண்டத்தைத் தமிழில் தந்தார். சிறுவரும் ஓதும் வெற்றி வேற்கை செய்தார். வாளின் எல்லை குறுகிய காலத்தில் கல்லிலும் சொல்லிலும் அவர்கள் எல்லை விரிந்தது. மதுரையை இழந்தவர் என்று எவரும் இன்று அவர்களை இகழ்வதில்லை. தென்காசியைத் தந்தவர் என்றே போற்றுகின்றோம்.

அவ்வாறாயின் உண்மையான இயலாமை எது? நம் சித்தாந்த சாத்திரம் இதற்குத் தெளிவாக விடை கூறுகிறது. உயிருக்கு இச்சை, ஞானம், கிரியை என்னும் ஆற்றல்கள் இயல்பாகவே உண்டு. செம்பிற் களிம்பு போல அநாதியே உடன் நிற்கும் ஆணவ மலம் அவற்றை மறைக்கின்றது. இறைவன் கலை, வித்தை, அராகம் முதலிய தத்துவங்களைக் கூட்டி அவற்றைச் சிறிது விளங்கச் செய்கின்றான். கண்ணுக்குக் காணும் திறம் உண்டு. ஆயினும் ஒளி உதவாவிடில் கண் காணாது. ஒளி உதவிய பின்னர்க் கண், 'யானே கண்டேன்' என்று தருக்குமாயின் அது எத்துணைப் பேதைமை! அத்தருக்கே ஆணவத்தின் செயல். ஆற்றல் இல்லாமை அன்று, தன் ஆற்றல் தன்னுடையதே என்று மயங்குதல்தான் உயிரின் பெரிய இயலாமை.

இலங்கை வேந்தன் கயிலையைத் தூக்க முயன்றபோது அவனுக்கு இருபது தோள் இருந்தன. திருவிரல் ஒன்று ஊன்றிய அளவில் நெரிந்தான். அவனே தன் இயலாமையை உணர்ந்து சாமகீதம் பாடியபோது, வாளும் பெயரும் வாழ்நாளும் பெற்றான். திருக்குற்றாலத்தையும் குறும்பலாவையும் பாடியருளிய திருஞானசம்பந்தப் பிள்ளையார், தம் பதிகங்களில் பெரும்பாலும் எட்டாம் பாடலில் இவ்வரலாற்றைத் தவறாது வைத்தார். அடங்காத வலிமை நெரிபடும். உணர்ந்த இயலாமை அருள் பெறும் என்பதே அதன் கருத்து.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இயலாமை வேறு, முயலாமை வேறு. பின்னது முன்னதன் ஆடையை அணிந்துகொண்டு வந்து நம்மை ஏமாற்றும். இதனை நாம் நூலில் கற்றதோடு நில்லாமல், வாழ்விலும் பட்டு அறிந்தோம்.

சில ஆண்டுகட்கு முன் எம் இல்லாள் தீரா நோயுற்றுப் படுக்கையில் கிடந்தார். இனி மருந்தால் ஆவதில்லை, பேணுதல் ஒன்றே செய்யத்தக்கது என்று மருத்துவர் கூறிவிட்டார். நாற்பது ஆண்டு மேடைகளில் திருவருளைப் பற்றிப் பேசிய நாம், திண்ணையில் அமர்ந்து, 'நம்மால் ஆவது ஒன்றும் இல்லையே' என்று கலங்கிக்கொண்டிருந்தோம். அதனை இயலாமை என்றே எண்ணினோம். பக்தி என்றுகூட எண்ணினோம். ஒரு நாள் பக்கத்து வீட்டு அம்மையார் வந்தார். அவருக்குச் சாத்திரம் தெரியாது. உள்ளே சென்று, பஞ்சை நீரில் நனைத்து உலர்ந்த உதட்டில் வைத்தார். சிக்குண்ட கூந்தலை மெல்லச் சீவி முடித்தார். எம்மிடம் ஒன்றும் கூறாமல் சென்றுவிட்டார். நாம் நாணினோம். நோயை நீக்குதல் எம்மால் இயலாதது. உதட்டை நனைத்தல் இயலாததா? பெரியது ஒன்று கைக்கு எட்டாமையைக் காட்டி, கைக்கு எட்டிய சிறியதையும் கைவிட்டிருந்தோம். அன்று உள்ளே சென்று பஞ்சைக் கையில் எடுத்தோம். "கொஞ்சம் இங்கேயே இருங்கள்" என்றார் அவர். அவ்வளவுதான் அவர் கேட்டது. ஏழு திங்கள் கழிந்து அவர் சிவபதம் சேர்ந்தார். அந்த ஏழு திங்களே எம் இல்வாழ்க்கையின் பயன் என்று இன்றும் கருதுகின்றோம்.

ஆதலின் அன்பர்களே, 'என்னால் ஒன்றும் இயலாது' என்று நா சொல்லும்போதெல்லாம், 'ஒன்றுமா?' என்று நெஞ்சைக் கேளுங்கள். எல்லாம் போன பின்னும் ஏதோ ஒன்று எஞ்சி நிற்கும். அந்த எச்சம் எது என்பதனைப் பராக்கிரம பாண்டியரைவிட அழகாகக் காட்டியவர் இலர்.

அவர் 1457இல் இக்கோபுரப் பணியைத் தொடங்கினார். தம் வாழ்நாளில் அதனை முடிக்க அவரால் இயலவில்லை. தம்பியார் குலசேகர பாண்டியரே நிறைவேற்றினார். தம் காலம் முடியும், தம் குலமும் ஒரு நாள் முடியும், அதன்பின் இக்கோயிலுக்கு ஊறு நேர்ந்தால் தடுக்கத் தமக்குக் கை இராது என்பதை அப்பேரரசர் அறிந்திருந்தார். சாவுக்குப் பின் மன்னனும் இயலாதவனே. எனவே எஞ்சியிருந்த ஒன்றைச் செய்தார். இவ்வாலயம் தெய்வச் செயலால் அமைந்தது, தம் செயலன்று என்றும், பிற்காலத்தில் இதற்குக் குறை நேரின் அதனை நீக்கிக் காப்பவர் எவராயினும் அவரை உலகறியப் பணிவதாகவும் கல்வெட்டில் பாட்டாகப் பொறித்து வைத்தார். இன்ன குலத்தார், இன்ன நாட்டார் என்று வரையறுக்கவில்லை. இன்னும் பிறவாத ஒருவருக்கு முடி தாழ்த்தினார். ஆணையிட்டுச் செல்ல மாட்டாத இடத்தில் வணங்கிச் சென்றார். ஆணை அவர் ஆயுளோடு முடிந்திருக்கும். வணக்கமோ ஐந்து நூற்றாண்டு கடந்தும் உயிரோடு நின்றது.

அவர் அஞ்சியவாறே நேர்ந்தது. கோபுரம் சிதைந்து பிளந்து, நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாக நின்றது. எம் இளமையில் நாம் கண்டது அதனையே. எம் ஆச்சி அவ்விடிபாட்டின்முன் நின்று இருமுறை கும்பிடுவார். ஏன் என்று ஒருமுறை கேட்டோம். "இதைக் கட்டின ராசாவுக்கு ஒரு கும்பிடு, இனிமேல் கட்டப் போறவனுக்கு ஒரு கும்பிடு" என்றார். அக்கல்வெட்டை அவர் படித்தவரல்லர். எனினும் மன்னர் செய்த அதே பணிவைச் செய்தார். பின்னர் பா. சிவந்தி ஆதித்தனார் முன்னின்று நடத்திய திருப்பணியால், ஏறத்தாழ 180 அடி உயரத்தில் ஒன்பது நிலைக் கோபுரம் மீண்டும் எழுந்து, 1990இல் குடமுழுக்குக் கண்டது. 2025 ஏப்ரல் திங்களிலும் திருக்குடமுழுக்கு நிகழ்ந்தது. ஆச்சி அதனைக் காண இருக்கவில்லை. ஆயினும் அவருடைய இரண்டாவது கும்பிடு சேர வேண்டியவரைச் சேர்ந்துவிட்டது.

இனி, ஆற்றல் உடையோர்க்கும் ஒரு சொல். இதனைக் கூற நாம் திருக்குற்றாலத்துக்குச் செல்ல வேண்டும். மழையற்ற நாளில் பேரருவியின் பாறை வறண்டு நிற்கும். ஆனி, ஆடியில் அதே பாறையில் வெள்ளம் பெருகும். பாறைக்கென்று சொந்தமாக ஒரு துளி நீரும் இல்லை. மலைமேல் பெய்த மழையே அதன்வழி இறங்குகிறது. உங்கள் செல்வமும் பதவியும் கல்வியும் அத்தகையனவே. மேலும், அவ்வருவி உச்சியிலிருந்து நேரே நம் தலைமேல் விழுவதில்லை. இடையே பொங்குமாகடல் என்னும் ஆழ்ந்த குழி அதனை ஏற்று, வேகம் தணித்து, பின்னரே கீழே விடுகிறது. அதனால்தான் குழந்தையும் கிழவரும் அதன்கீழ் நிற்க முடிகிறது. கங்கையின் வேகத்தை நிலம் தாங்காது என்று கருணையால் சடையில் ஏற்றுச் சிறிது சிறிதாக விட்ட பெருமானின் செயல் அன்றோ அங்கு நினைவுக்கு வருகிறது! வலியோர் தம் வலிமையை மெலியோர் தாங்கும் அளவுக்குத் தணித்து வழங்குக. கடன் பட்டவனிடம் பேசும்போதும், வேலை கிடைக்காத மகனிடம் பேசும்போதும், நடை தளர்ந்த தாயை அழைத்துச் செல்லும்போதும் ஒரு பொங்குமாகடல் உங்கள் நெஞ்சில் இருக்கட்டும்.

அன்பர்களே, இன்று நீங்கள் திரும்பும்போது அவ்வாயிலில் ஒரு கணம் நில்லுங்கள். அருகே எவரேனும் தளர்ந்து நின்றால் தோள் கொடுங்கள். தளர்ந்தவர் நீங்களாயின், நாணாது ஒரு தோளைப் பற்றுங்கள். இரண்டும் திருவருளே. பிறகு கோபுரத்தை நோக்கி இரண்டு கும்பிடு போடுங்கள். ஒன்று, நமக்கு முன்னே செய்தவர்க்கு. மற்றொன்று, நம்மால் இயலாது நாம் விட்டுச் செல்வதனை நமக்குப் பின்னே வந்து செய்து முடிக்கப் போகின்றவர்க்கு.

உலகம்மை உடனுறை காசி விசுவநாதப் பெருமான் திருவருள் நம் அனைவர்க்கும் துணை நிற்பதாக.

திருச்சிற்றம்பலம்.