வீட்டுக் காற்றும் வடிகட்டியும்: பெற்றோரும் இளையோரும் அறிய வேண்டியவை

(ரொறன்ரோவில் தமிழ்ப் பெற்றோரும் இளையோரும் கலந்துகொண்ட ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ரொறன்ரோவின் வானம் நண்பகலிலேயே மங்கியது. கியூபெக்கிலும் வட ஒன்ராறியோவிலும் எரிந்த காடுகளின் புகை நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் கடந்து வந்து நகரை மூடியது. அவ்வாண்டில் மட்டும் கனடாவில் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ஹெக்டேர் காடு எரிந்தது. 2025 ஜூலையிலும் காட்டுத்தீப் புகை நகரைச் சூழ்ந்தது. இத்தகைய நாள்களில் யன்னல்களை மூடிவிட்டுக் கடைக்கு விரைந்து, கையில் அகப்பட்ட வடிகட்டியை வாங்கிவருவது பலருடைய வழக்கம். வாங்கிய பொருள் பயன் தருமா என்பதை அதன் விலை சொல்லாது. வெளிக்காற்று எத்தகையது, உட்காற்று எத்தகையது, அறை எவ்வளவு பெரியது என்னும் மூன்று கேள்விகளுக்கான விடையே அதனைச் சொல்லும்.

இது வசதிக்கான பொருளைப் பற்றிய பேச்சு அன்று. தென்கிழக்கு இலண்டனில், வாகனங்கள் ஓயாது செல்லும் பெருந்தெரு ஒன்றின் அருகே வாழ்ந்த எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்னும் ஒன்பது வயதுச் சிறுமி, கடும் ஆஸ்துமாவால் 2013இல் உயிரிழந்தாள். அவளது மரணத்துக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். மாசினால் விளையும் ஆபத்துப் பற்றிய தகவல் தாய்க்கு வழங்கப்படவில்லை என்பதும், வழங்கப்பட்டிருந்தால் அவர் நடவடிக்கை எடுத்திருப்பார் என்பதும் அத்தீர்ப்பில் இடம்பெற்றன. தகவல் பெற்றோரைச் சென்றடையாமற் போவதும் ஓர் ஆபத்தே. ஆங்கிலத்தில் மட்டும் வெளிவரும் எச்சரிக்கை, வீட்டில் இருக்கும் அம்மம்மாவையும் தாத்தாவையும் எட்டுவதில்லை.

வெளிக்காற்றை அறிதல்

கனடாவில் காற்றுத்தரச் சுகாதாரச் சுட்டெண் 1 முதல் 10 வரை வழங்கப்படுகின்றது. அதற்கு மேற்பட்டால் 10+ எனக் காட்டப்படும். 3 வரை குறைந்த ஆபத்து. 4 முதல் 6 வரை மிதமானது. 7 முதல் 10 வரை அதிகம். கைபேசிச் செயலிகள் சில அமெரிக்க அளவுகோலையே காட்டுகின்றன. அது 0 முதல் 500 வரை செல்வது. அமெரிக்க அளவுகோலில் 60 என்பது மிதமான நிலை. கனடிய அளவுகோலிலோ 7 என்பதே அதிக ஆபத்து. எந்த அளவுகோல் என்பதை அறியாமல் எண்ணை மட்டும் பார்த்து அஞ்சுவதும் தவறு, அலட்சியமாக இருப்பதும் தவறு.

ரொறன்ரோவில் பெரும்பாலான நாள்களில் இச்சுட்டெண் குறைந்த ஆபத்து நிலையிலேயே உள்ளது. அந்நாள்களில் யன்னலைத் திறந்து வைப்பதே சிறந்த வழி. அதற்குச் செலவும் இல்லை. புகை நாள்களில் யன்னலை மூடி, உள்ளே இருக்கும் காற்றை வடிகட்ட வேண்டும். வெளிக்காற்றை உள்ளிழுக்கும் காற்றுப் பரிமாற்றக் கருவி வீட்டில் இருந்தால், அதனையும் அந்நேரத்தில் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டும்.

வெப்ப உலையின் வடிகட்டி

தனி வீடுகளில் ஃபேர்னஸ் எனப்படும் வெப்ப உலையின் குழாயில் ஒரு வடிகட்டி செருகப்பட்டிருக்கும். அதன் திறன் மேர்வ் என்னும் எண்ணால் குறிக்கப்படுகின்றது. மேர்வ் 8 தூசியையும் பஞ்சையும் ஓரளவு பிடிக்கும். புகையின் நுண்துகள்களுக்கு அது போதாது. மேர்வ் 13 தரமுடையது, 0.3 முதல் 1 மைக்கிரோன் வரையான துகள்களில் குறைந்தது பாதியையும், 1 முதல் 3 மைக்கிரோன் வரையானவற்றில் 85 வீதத்தையும் பிடிக்க வேண்டும் என்பது விதி. காட்டுத்தீப் புகையின் துகள்களிற் பெரும்பாலானவை இவ்வளவு சிறியவையே.

இங்கு இரண்டு செய்திகளைக் கருத்திற்கொள்ள வேண்டும். முதலாவது, ஓர் அங்குலத் தடிப்புள்ள அடர்ந்த வடிகட்டி சில பழைய உலைகளின் காற்றோட்டத்தைத் தடுக்கக்கூடும். எனவே உலையைப் பராமரிக்கும் தொழில்நுட்பவியலாளரிடம் கேட்டறிந்தே மாற்ற வேண்டும். இரண்டாவது, காற்று ஊடே சென்றால் மட்டுமே வடிகட்டி வேலை செய்யும். வெப்பநிலைக் கட்டுப்படுத்தியில் விசிறி ‘ஓட்டோ’ நிலையில் இருந்தால், சூடாக்கும்போதும் குளிரூட்டும்போதும் மட்டுமே அது ஓடும். புகை நாளில் அதனை ‘ஒன்’ நிலைக்கு மாற்றாவிட்டால், சிறந்த வடிகட்டியும் சும்மாவே கிடக்கும். சட்டத்தில் உள்ள அம்புக்குறி காற்றுச் செல்லும் திசையைக் காட்ட வேண்டும். புகைக் காலத்தில் வழமையான தவணைக்குக் காத்திராமல் அடிக்கடி திறந்து பார்த்து, கருமையேறியிருந்தால் மாற்றிவிட வேண்டும்.

அறையில் வைக்கும் கருவி

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் உலை வடிகட்டி குடியிருப்பவரின் கையில் இராது. அங்கே அறையில் வைக்கும் சுத்திகரிப்புக் கருவியே துணை. உண்மையான ஹெப்பா வடிகட்டி 0.3 மைக்கிரோன் துகள்களில் 99.97 வீதத்தைப் பிடிக்கும். ‘ஹெப்பா வகை’ என்று மட்டும் எழுதப்பட்ட பெட்டி அந்த உறுதியைத் தருவதில்லை.

அதைவிட முக்கியமானது, தூய காற்று வழங்கும் வீதத்தைக் குறிக்கும் ‘சிஏடிஆர்’ என்னும் எண். சாதாரண நாள்களுக்கு, அறையின் சதுர அடியில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தால் போதும். காட்டுத்தீப் புகைக்கு, சதுர அடி எவ்வளவோ அவ்வளவு வேண்டும். 12 அடி நீளமும் 10 அடி அகலமும் உள்ள படுக்கையறைக்கு முறையே 80, 120 எனக் கணக்கு வரும். கூரை எட்டடிக்கு மேல் உயர்ந்தால் இன்னும் கூடுதலாக வேண்டும். முழு வீட்டுக்கும் ஒரே சிறு கருவியை வாங்கி நடுக்கூடத்தில் வைப்பதிலும், பிள்ளையோ முதியவரோ உறங்கும் அறையில் கதவைச் சாத்தி வைப்பது மேல்.

பணம் போதாத குடும்பத்துக்கும் வழி உண்டு. 2020இல் றிச்சர்ட் கோர்சி, ஜிம் றோசென்தால் ஆகியோரின் பெயரால் அறியப்பட்ட எளிய அமைப்பில், நான்கு மேர்வ் 13 வடிகட்டிகளைச் சதுரமாக நிறுத்தி ஒட்டி, மேலே 20 அங்குலப் பெட்டி விசிறியைப் பொருத்துவர். இளையோர் ஒரு மாலைப் பொழுதில் செய்துவிடலாம். பாதுகாப்புக் கருதி 2012க்குப் பின் தயாரிக்கப்பட்ட விசிறியையே பயன்படுத்த வேண்டும். ஆளில்லா வீட்டில் அதனை ஓடவிடக் கூடாது. ஓசோனை உண்டாக்கிக் காற்றைத் தூய்மையாக்குவதாகச் சொல்லும் கருவிகளை முற்றாகத் தவிர்க்க வேண்டும். ஓசோனே நுரையீரலுக்குக் கேடு.

அடுப்படியும் சுவாமியறையும்

பனிக்காலத்தில் யன்னல் மாதக்கணக்கில் மூடியிருக்கும். மிளகாய் வறுத்தல், பலகாரம் பொரித்தல், சாம்பிராணி, ஊதுபத்தி ஆகிய யாவும் நுண்துகள்களை எழுப்புவனவே. இவற்றை விட்டுவிடச் சொல்வது பொருத்தமன்று. அடுப்பின் மேலுள்ள புகையுறிஞ்சி புகையை வெளியே தள்ளுகிறதா, அல்லது அதே காற்றை மீண்டும் அறைக்குள் விடுகிறதா என்று பார்க்க வேண்டும். வெளியே தள்ளுமாயின் சமைக்கத் தொடங்கு முன்னரே அதனை இயக்க வேண்டும். ஹெப்பா வடிகட்டி வாயுக்களைப் பிடிக்காது. கரி அடுக்கு அவற்றையும் மணத்தையும் ஓரளவே குறைக்கும். காபனோரொட்சைட்டை எந்த வீட்டு வடிகட்டியும் அகற்றாது. அதற்கு எச்சரிக்கைக் கருவியே காவல்.

நிலக்கீழ் வீட்டில் இருப்போர்

இறுதியாக ஒரு நியாயம் பற்றிய செய்தி. புதிதாக வந்த மாணவர்களும் குடும்பங்களும் நிலக்கீழ் வீடுகளில் வாடகைக்கு இருக்கின்றனர். மேல்மாடிக்கும் கீழ்மாடிக்கும் ஒரே உலை, ஒரே காற்று. ஆனால் வடிகட்டியை மாற்றும் உரிமையும் விசிறியை இயக்கும் பொத்தானும் பெரும்பாலும் வீட்டுக்காரரிடமே உள்ளன. வாடகைக்கு இருப்பவர் கேட்கத் தயங்குவார். வீட்டுக்காரரே முன்வந்து வடிகட்டியை மாற்றிய நாளைச் சொல்வதும், புகை நாளில் விசிறியை ஓடவிடுவதும் பெருஞ்செலவான காரியங்கள் அல்ல.

ஒவ்வொரு வீட்டிலும் இளையவர் ஒருவர் காலையில் சுட்டெண்ணைப் பார்த்து, பாட்டனாருக்கும் பாட்டியாருக்கும் தமிழில் சொல்லட்டும். பெட்டியின் மேலுள்ள ஆங்கில எழுத்தைப் பெற்றோருக்கு வாசித்து விளக்கட்டும். அடுத்த புகை வருமுன் இன்றே உலையின் மூடியைத் திறந்து, உள்ளிருக்கும் வடிகட்டியின் எண்ணைப் பார்ப்பது முதற்பணியாகட்டும்.