தாங்ஷான்: நிலக்கரி தந்த நகரம்

சீனத் தலைநகராகிய பீஜிங்கிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 150 கிலோமீற்றர் தொலைவில், வடக்கே யான் மலைத்தொடருக்கும் தெற்கே போஹாய் கடலுக்கும் இடைப்பட்ட சமவெளியில் உள்ளது தாங்ஷான் நகரம். தாங் வமிசத்து மன்னரொருவர் கொரியப் போரிலிருந்து மீளும்போது இங்குள்ள குன்றில் தங்கியமையால் இப்பெயர் வந்ததென்பர். ஆயினும் இந்நகரை ஆக்கியவர் மன்னரல்லர். மண்ணுள் மறைந்து கிடந்த நிலக்கரியே இதனை ஆக்கிற்று.

1878ஆம் ஆண்டில், தாங் திங்ஷு என்பாரின் முயற்சியால் இங்கு கைப்பிங் சுரங்கக் கம்பனி தோன்றியது. அந்நியரின் கரியை எதிர்பார்த்திருந்த நிலையை மாற்றுவதே அதன் நோக்கம். வெட்டிய கரியைக் கொண்டுசெல்ல 1881இல் சுமார் 10 கிலோமீற்றர் நீளமான புகையிரதப் பாதை இடப்பட்டது. ஷங்ஹாய்க்கு அருகே அந்நியர் 1876இல் திறந்த பாதை மறு ஆண்டே அகற்றப்பட்டதால், சீனத்தில் நிலைபெற்ற முதற் பாதை இதுவேயாயிற்று. சீமெந்து, பீங்கான், உருக்கு ஆகிய தொழில்கள் பின்னர் பெருகின. உழைக்க வந்த மக்களிடையே பிங்ஜு என்னும் இசைநாடகக் கலையும் செழித்தது.

1976ஆம் ஆண்டு யூலை 28ஆந் திகதி, அதிகாலை 3 மணி 42 நிமிடம். நகரம் உறக்கத்தில் ஆழ்ந்திருந்தது. 7.8 அளவான பூமியதிர்ச்சி அதனைத் தரைமட்டமாக்கிற்று. மாண்டோர் 2,42,000 பேருக்கு மேல் என்னும் அரசாங்கக் கணக்கு 1979ஆம் ஆண்டிலேயே வெளியாயிற்று.

இங்கே சிந்திக்கற்பாலதொன்று உண்டு. அவ்வேளை சுரங்கங்களினுள்ளே ஏறத்தாழ 10,000 தொழிலாளர் இருந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலானோர் உயிருடன் மேலே வந்தனர். ஐவர் பதினைந்து நாட்களின் பின் மீட்கப்பட்டனர். பாயில் படுத்தோர் மடிய, பாதாளத்தில் உழைத்தோர் பிழைத்தது எங்ஙனம்? நிலத்தின் ஆழத்தே அதிர்வின் வேகம் குறைவு. மேலேயோ, இரும்புக் கம்பியின் வலுவற்ற செங்கற் சுவர்களும் பாரமான கூரைகளும் இருந்தன. இப்பிரதேசம் அபாயம் குறைந்ததென முன்னர் கணிக்கப்பட்டிருந்தமையால், கட்டடங்களில் தக்க பாதுகாப்புச் செய்யப்படவில்லை. ஆகவே, மக்களைக் கொன்றது பூமி மட்டுமன்று. அவர்தம் தலைக்கு மேலிருந்த கூரையுமே.

சீன அரசாங்கம் அந்நிய உதவியை ஏற்கவில்லை. பெற்றோரை இழந்த பிள்ளைகள் மாத்திரம் 4,000 பேருக்கு மேல். ஏறத்தாழப் பத்து ஆண்டுகளில், கடும் அதிர்ச்சியையும் தாங்குமாறு புதிய நகரம் எழுந்தது. 1990இல் ஐக்கிய நாடுகள் தாபனம் அப்பணியைப் பாராட்டிக் கௌரவித்தது. இன்று அங்குள்ள நினைவுச் சுவர்களில் மாண்டோரின் பெயர்கள் வரிசை வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன.

ஒரு தொழில் நகரின் பெருமையை, அது ஈட்டும் கரியாலும் உருக்காலும் அளப்பது வழக்கம். அவற்றை ஈட்டித் தரும் மக்கள் இரவில் அச்சமின்றி உறங்குவதற்கேற்ற வீடும் அவ்வளவையில் சேரவேண்டும். தாங்ஷான் பெருவிலை கொடுத்துக் கற்ற பாடம் இதுவே.