பிள்ளைகளைப் பார்த்து நாடகம் எழுதுவோம்

(ஆசிரியர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா நெருங்கினால், "பத்து நிமிட நாடகம் ஏதாவது கிடைக்குமா?" என்று தேடத் தொடங்குவார்கள். கிடைத்ததை நகலெடுத்து, நன்றாக மனப்பாடம் செய்யும் ஐந்து பேரிடம் கொடுப்பது வழக்கம். மற்ற முப்பது பேருக்குக் கைதட்டும் வேலைதான். அந்த நாடகத்தை வகுப்பறையிலேயே எழுதலாம் என்று சொல்லவே வந்திருக்கிறேன்.

இதற்கு முன்னோடி நம் ஊரிலேயே இருக்கிறார். 1922இல் புதுச்சேரியில் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகளின் நினைவிடம் கருவடிக்குப்பத்தில் உள்ளது. சிறுவர்களைக் கொண்டு நாடகக் குழு நடத்தி, அவர்களுக்காகவே எழுதியவர் அவர். 'அபிமன்யு சுந்தரி'யை அவர் ஒரே இரவில் எழுதி முடித்ததாக, அவரிடம் சிறுவனாகப் பயின்ற டி.கே.சண்முகம் குறிப்பிடுகிறார். அந்த வேகம் நமக்கு வராது. ஆனால் நடிக்கப்போகும் பிள்ளையை மனத்தில் வைத்து எழுதும் முறை நமக்கும் கைவரும்.

வைத்திக்குப்பத்துப் பிள்ளைகள் மாசி மகக் கூட்டத்தில் கடற்கரையே அதிரக் குரல் கொடுப்பார்கள். வகுப்பில் எழுந்து நின்றால் நான்கு வரி பேசத் தயங்குவார்கள். தங்கள் பேச்சு தவறு என்று அவர்களே நினைத்திருப்பதுதான் காரணம். அதனால் அவர்களிடம் கதை கேட்கவில்லை. "இரண்டு பேர் சொல்வதும் நியாயமாக இருந்த ஒரு வீட்டுச் சண்டையைச் சொல்லுங்கள்" என்று கேட்டேன்.

கிடைத்தது இதுதான். மீன்பிடித் தடைக்காலம், மே மாதம். பத்தாம் வகுப்பு முடித்த மகனை ஜூன் 15 முதல் விசைப்படகுக்கு அழைத்துப்போக நினைக்கிறார் அப்பா. பதினொன்றாம் வகுப்பு விண்ணப்பத்தை வைத்துக்கொண்டு நிற்கிறார் அம்மா. ஒரு வீடு, ஒரு மாலை, மூன்று பேர், நடுவில் ஒரு வலை. மேடைக்கு இது போதும்.

முதலில் எழுதவில்லை, பேச வைத்தோம். அப்பாவாக நடித்த மாணவன் திடீரென்று, "படிப்ப எப்ப வேணா படிக்கலாம். கடல இந்த வயசுல கத்துக்கலன்னா அப்புறம் அது கத்துக்குடுக்காது" என்றான். வகுப்பே அமைதியாகிவிட்டது. அப்படியே கரும்பலகையில் எழுதினேன். எழுத்துத் தமிழாக்கியிருந்தால் அந்த வரி செத்திருக்கும். அம்மாவின் பதிலை யோசிக்கப் பிள்ளைகளுக்கு இரண்டு நாள் ஆனது. "ஒன்ன தேடி நான் கரையில நின்ன ராத்திரிய அவனோட பொண்டாட்டிக்கும் குடுக்கணுமா?" பின்வரிசை மாணவி ஒருத்தி சொன்னது அது.

இதில் கைக்கொள்ளத்தக்க சில நடைமுறைகள்:

காட்சி ஒன்று போதும். திரை மாற்றம் நேரத்தைத் தின்னும்.

ஒரு மூச்சில் சொல்ல முடியாத வசனத்தை இரண்டாக உடையுங்கள்.

நீதியை விளக்கும் வரி வந்தால் அடித்துவிடுங்கள். "ஆகவே கல்வியே செல்வம்" என்று ஒரு பாத்திரம் சொன்ன நொடியில் நாடகம் சொற்பொழிவாகிவிடும்.

நமக்குப் பிடிக்காத தரப்புக்கும் வலுவான வசனம் கொடுங்கள். அப்பா வெறும் முரடராக இருந்தால், பார்க்க வரும் அப்பாக்கள் காதை மூடிக்கொள்வார்கள்.

நடிக்காதவர்களுக்கும் வேலை உண்டு. பேசியதை எழுதுபவர், படித்துத் திருத்துபவர், மேடைப் பொருள் சேர்ப்பவர் என்று பிரித்துக் கொடுங்கள். பேச்சைக் கேட்டு எழுதுவதைவிட நல்ல மொழிப் பயிற்சி ஏது?

முடிவில்தான் சண்டை வந்தது. பாதி வகுப்பு மகனைப் பள்ளிக்கு அனுப்பியது; பாதி கடலுக்கு. கடைசியில் மகன் விண்ணப்பத்தைக் கையில் எடுத்து, "நான் பேசலாமா?" என்று கேட்பதோடு நிறுத்தினோம். அரங்கேறிய அன்று பார்வையாளர் வரிசையிலிருந்து ஒரு மீனவர், "பேசுடா தம்பி!" என்றார்.

அந்த வகுப்பில் சிலருக்கு அது நாடகம் மட்டுமல்ல; அடுத்த ஆண்டே வீட்டில் பேசவேண்டிய பேச்சு. அதை ஒருமுறை மேடையில் பேசிப் பார்க்க இடம் கொடுப்பது நம்மால் முடிந்த காரியம். உங்கள் ஊரில் அது வயலாக இருக்கலாம், தறியாக இருக்கலாம். கேட்டுப் பாருங்கள், பிள்ளைகள் சொல்வார்கள்.