கோப்புறைகளை இணையத்துக்கு மாற்றும் முன்
(ஆசிரியர் பயிற்சி ஒன்றில் ஆற்றிய உரை)



பள்ளிக் கணினியில் 'அலுவலகம்' என்றொரு கோப்புறை இருக்கும். அதற்குள் ஆண்டு, அதற்குள் வகுப்பு, அதற்குள் தேர்வு. கடைசியில் 'புதியது', 'புதியது 2', 'இறுதி', 'இறுதி சரிபார்த்தது'. இதை அப்படியே கூகுள் டிரைவில் ஏற்றி, இணைப்பை ஆசிரியர் குழுவில் அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

மேலே உள்ள கோப்புறைக்குத் தரும் அனுமதி, அதற்குள் இருக்கும் அத்தனை அடுக்குகளுக்கும் மடைநீர் போல இறங்கும். வினாத்தாளுக்காகப் பகிர்ந்த கோப்புறையின் ஐந்தாம் அடுக்கில் உதவித்தொகைப் பட்டியல் ஒன்று கிடக்கலாம். அதில் பிள்ளைகளின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் இருக்கலாம். 'இணைப்பு உள்ள எவரும்' என்று பகிர்ந்திருந்தால், இணைப்பு கைமாறும் இடமெல்லாம் அந்த எண்களும் போகும். ஆழத்தில் கிடப்பதால் நாம் மறந்துவிடுகிறோம். திறப்பவருக்கு அது மறைவில்லை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகள் என்கிறது. நம் மாணவர்களில் பெரும்பாலோர் அவர்களே.

எனவே, ஏற்றுவதற்கு முன் யார் பார்க்கலாம் என்பதை வைத்துப் பிரியுங்கள். மூன்று கோப்புறைகள் போதும். பாடப்பொருளும் பழைய வினாத்தாள்களும் அனைவருக்கும். மதிப்பெண் பட்டியல் ஆசிரியர்களுக்கு மட்டும். ஆதார், வங்கி, மாற்றுச் சான்றிதழ் விவரங்கள் தலைமையாசிரியருக்கும் அலுவலகத்துக்கும் மட்டும். ஆண்டும் வகுப்பும் இவற்றுக்குள் வரட்டும்.

அடுத்து, உரிமை. ஓர் ஆசிரியரின் சொந்தக் கணக்கில் ஏற்றிய கோப்பு அவருடையது. அவர் மாறுதலாகிப் போனால் பள்ளியின் ஆவணமும் அவரோடு போகும். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்கைக் கூகுள் நீக்கவும் கூடும். பள்ளிக்கு நிறுவனக் கணக்கு இருந்தால், 'பகிர்ந்த இயக்ககம்' என்ற வசதியைப் பயன்படுத்துங்கள். அதில் உள்ள கோப்புகள் நிறுவனத்துக்கு உரியவை. ஆள் மாறினாலும் அவை இருக்கும்.

மூன்றாவது, பெயரின் நீளம். விண்டோஸின் பழைய வரம்புப்படி ஒரு கோப்பின் முழுப் பாதை சுமார் 260 எழுத்துக்குறிகளுக்குள் அடங்க வேண்டும். ஷேர்பாயிண்டில் அந்த வரம்பு 400. தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இது சீக்கிரம் தீரும். 'பள்ளி' நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு ஐந்து குறிகள். அடுக்குகளை மூன்று, நான்கோடு நிறுத்துங்கள். 'இறுதி சரிபார்த்தது' வேண்டாம். '2024-10-அரையாண்டு-கணிதம்' என்று ஆண்டும் வகுப்பும் முன்னால் வரட்டும்.

நான்காவது, எழுத்துரு. தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றது. ஆனாலும் பாமினி, வானவில் எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் நம்மிடம் நிறைய உண்டு. அவற்றை ஏற்றலாம், ஆனால் தமிழில் தேடினால் உள்ளே இருக்கும் சொல் அகப்படாது. அடிக்கடி தேவைப்படுவதை மட்டும் ஒருங்குறிக்கு மாற்றுங்கள். மற்றவற்றுக்குத் தெளிவான பெயர் போதும்.

மாற்றும் நாளில் முதலில் ஒரு வகுப்பின் கோப்புறையை மட்டும் ஏற்றிப் பாருங்கள். கணினியில் எத்தனை கோப்புகள், இணையத்தில் எத்தனை என்று எண்ணி ஒப்பிடுங்கள். வேறொரு கோப்பிலிருந்து மதிப்பெண்ணை எடுக்கும் எக்செல் தாள்களைத் திறந்து சோதியுங்கள். இடம் மாறியதும் அந்தத் தொடர்பு அறுந்துபோகலாம். பிறகு, பகிர்ந்த இணைப்பை வேறொருவர் கைப்பேசியில் திறந்து, அவருக்கு என்னென்ன தெரிகிறது என்று பாருங்கள். பழைய பிரதியை ஒரு கல்வியாண்டு முடியும்வரை தனி ஹார்டு டிஸ்கில் பூட்டி வையுங்கள்.

வருகைப் பதிவேட்டை நாம் வாசலில் வைத்துவிட்டுப் போவதில்லை. பெற்றோர் நம்மை நம்பித் தந்த விவரங்களுக்கு இணையத்திலும் அதே காவல் வேண்டும். இந்த வாரமே, இதுவரை நீங்கள் பகிர்ந்திருக்கும் ஒரு கோப்புறையைக் கடைசி அடுக்குவரை திறந்து பாருங்கள்.