பெயரைத் தேடிய சிறுவன்

போர் ஓய்ந்தால் துன்பமும் ஓய்ந்துவிடும் என்று பெரியோர் எண்ணுவர். பெற்றோரைப் பிரிந்த பிள்ளைக்கோ, போர் ஓய்ந்த பின்னரே தேடல் தொடங்குகின்றது.

சவுல் பிரீட்லெண்டர், 1932ஆம் ஆண்டில் பிராக் நகரத்து யூதக் குடும்பமொன்றிலே ஏக புதல்வனாய்ப் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் பாவெல். 1939இல் ஹிட்லரின் படை பிராக் நகரினுட் புகுந்தது. குடும்பம் பிரான்சிலே தஞ்சம் புகுந்தது. 1942இல் அங்கும் யூதரைப் பிடித்து நாடுகடத்தும் வேட்டை மூண்டது. பெற்றோர் மகனை மோன்லுசோன் என்னும் ஊரிலுள்ள கத்தோலிக்க விடுதிப் பாடசாலையில் ஒப்படைத்தனர். அவர்தம் இசைவுடன் அவனுக்கு ஞானஸ்நானம் வழங்கப்பட்டது. போல் ஹென்றி பெர்லான் என்பது அவனது புதுப் பெயர்.

பின்னர்ப் பெற்றோர் சுவிற்சர்லாந்தின் எல்லையைக் கடந்தனர். காவலர் அவர்களைத் திருப்பிப் பிரெஞ்சுப் பொலிசாரிடம் கையளித்தனர். சிறு பிள்ளைகளோடு வந்தோர்க்கு அவ்வேளை அங்கே இடமளிக்கப்பட்டது. மகனைக் காக்கவென்று அவனை விட்டுச் சென்றவர்களுக்கு, அப்பிரிவே வினையாய் முடிந்தது. அவ்வாண்டிலேயே அவுஷ்விற்ஸ் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்ட இருவரும் மீளவில்லை.

சிறுவன் இவற்றை அறியான். கிறிஸ்தவ பக்தியில் ஊறி, யேசு சபைக் குருவாக விரும்பினான். போர் முடிந்தது, தந்தையும் வரவில்லை, தாயும் வரவில்லை. 1946இல் யேசு சபைக் குருவானவர் ஒருவர் அவனை அருகழைத்து, அவுஷ்விற்ஸில் நிகழ்ந்ததை எடுத்துரைத்தார். தமது சபையை நாடிவந்த பிள்ளையிடம் அவர் உண்மையை மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. யூத மக்களைப் பற்றி மதிப்புடன் பேசினார். தந்தை எவர், தான் எவன் என்னும் இரு வினாக்களுக்கும் அன்று ஒரே விடை கிடைத்தது.

சிறுவன் தன் குடும்பப் பெயரை மீண்டும் பூண்டான். 1948இல், பதினைந்து வயதிலே, அல்தலேனா என்னும் கப்பலேறி இஸ்ரேல் சென்றான். அங்கே சவுல் என்று பெயர் கொண்டான். விவிலியத்திலே சவுல் பவுலானார். இங்கே பவுல் சவுலானார்.

வளர்ந்து வரலாற்றாசிரியரான அவர், தம்மைக் காத்த திருச்சபையின் தலைவர் பன்னிரண்டாம் பத்திநாதர், ஹிட்லர் ஆட்சியின்பாற் கொண்ட போக்கையும் 1964இல் வெளிவந்த நூலில் ஆராய்ந்தார். நன்றியுணர்வு ஆராய்ச்சிக்குத் தடையாகவில்லை. 1978இல் தமது இளமை நினைவுகளை நூலாக்கினார். யூதர் அழிக்கப்பட்ட ஆண்டுகளைப் பற்றிய அவரது பெருநூல் 2008இல் புலிற்சர் பரிசு பெற்றது. கொலையுண்டோர் எழுதிய நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் அந்நூலிலே பேசவைத்தார்.

தந்தைக்குக் கல்லறை இல்லை. மண்ணிலே தேடிக் காண இயலாத தந்தையை, மாண்டோர் விட்டுச்சென்ற எழுத்துக்களின் நடுவே மகன் வாழ்நாளெல்லாம் தேடினார்.