கேட்பவனைக் கேட்பவர்



அறுவை மருத்துவம் பயில்கின்ற மாணவன் முதன்முதலாகக் கத்தியைக் கையில் எடுக்கும்போது ஆசிரியர் அவன் அருகிலேயே நிற்கிறார். கை தவறுமாயின் அந்தக் கணமே தடுத்துவிடலாம். உளமருத்துவம் பயில்கிறவனுடைய நிலை அத்தகையதன்று. துயரத்தைச் சுமந்து வந்தவர் ஒருவர். அதைக் கேட்க அமர்ந்தவன் ஒருவன். அறையின் கதவு சாத்தியிருக்கும். மூன்றாமவர் உள்ளே இருந்தால் வந்தவர் மனம் திறந்து பேசுவது அரிது. அப்படியாயின், பயில்கிறவன் செய்வது சரியா தவறா என்பதை ஆசிரியர் எங்ஙனம் அறிவது?

இவ்வினாவுக்கு ஒழுங்கான விடை காண முயன்ற இடங்களுள் பெர்லின் முதன்மையானது. 1920-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அந்நகரில் உளப்பகுப்பாய்வு மருத்துவ நிலையம் ஒன்று தோன்றியது. மாக்ஸ் ஐட்டிங்கன் தம் சொந்தச் செல்வத்தைக் கொண்டு அதனைத் தாங்கினார். வறியவர் இயன்றதைக் கொடுத்தால் போதும். இல்லாதவர் ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை. அங்குப் பயில வந்தவர்கள் தம் உள்ளத்தையே முதலில் ஆய்வுக்கு உட்படுத்த வேண்டும். நூற்கல்வி பெற வேண்டும். பிறகு மூத்தவர் ஒருவருடைய மேற்பார்வையில் நோயாளிகளைக் கவனிக்க வேண்டும். அறைக்குள் நடந்ததை மாணவன் வந்து சொல்லுவான். மூத்தவர் கேட்டு வழி காட்டுவார்.

ஆனால் நினைவு நம்பத்தக்க சாட்சியா? 1940-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கார்ல் ராஜர்ஸ் என்னும் பேராசிரியர் உரையாடல்களை இசைத்தட்டில் பதியத் தொடங்கினார். தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிட அளவே ஓடும். ஆதலால் இரண்டு கருவிகளை மாற்றி மாற்றி இயக்க வேண்டியிருந்தது. மாணவர்கள் அக்கருவியைச் சூழ்ந்து அமர்ந்து தம் குரலைத் தாமே கேட்டார்கள். பொறுமையோடு கேட்டிருந்தோம் என்று நம்புகிறவன், நோயாளியின் பேச்சு நடுவே தன் குரல் பாய்வதைத் தட்டில் கேட்டால் மறுக்க முடியுமா? குறிப்பேட்டில் அந்தக் குறுக்கீடு இராது, தட்டில் இருக்கும்.

ஆசிரியப் பயிற்சி பெற்றவர்களுக்கு இந்த உணர்ச்சி புதிதன்று. பின்வரிசையில் விரிவுரையாளர் ஒருவர் குறிப்பேட்டுடன் அமர்ந்துவிட்டால், கரும்பலகையில் எழுதும் கை தானே நடுங்கும். அப்போது பயிற்சி ஆசிரியன் பாடம் நடத்துவது பிள்ளைகளுக்காக அன்று, பின்வரிசைக்காகத்தான். இதில் நகைப்புக்கு இடம் உண்டு. ஆனால் உளமருத்துவத்தில் அந்த நடுக்கத்தின் விலை பெரிது.

1996-ஆம் ஆண்டு நிக்கலஸ் லடானியும் உடனிருந்த ஆய்வாளர்களும் பயிற்சியில் இருந்த 108 பேரிடம் ஒரு கேள்வி கேட்டார்கள்: உங்கள் மேற்பார்வையாளரிடம் எவற்றைச் சொல்லாமல் விட்டீர்கள்? ஏறத்தாழ அனைவருமே ஏதேனும் ஒன்றை மறைத்திருந்தார்கள். மேற்பார்வையாளர்மீது தமக்கிருந்த மனக்குறையை மறைத்தவர் பலர். தாம் செய்த பிழையை மறைத்தவரும் உண்டு. மதிப்பீட்டைப் பற்றிய அச்சமும் மறைத்தவற்றுள் ஒன்று. ‘எதையும் மறையாமல் சொல்லுங்கள்’ என்று நோயாளியிடம் வேண்டுகின்ற அதே மனிதன், அடுத்த அறையில் தன் ஆசிரியர் முன் வாய் மூடியிருக்கிறான். இவனைப் பொய்யன் என்று நான் சொல்லமாட்டேன். தேர்ச்சி அளிப்பவரிடமே குறையை ஒப்படைக்கச் சொன்னால் யார்தான் தயங்கமாட்டார்?

மறைத்தது வேறு வழியில் வெளிப்படுவதும் உண்டு. மேரிலாந்தின் செஸ்ட்நட் லாட்ஜ் மருத்துவமனையில் பணியாற்றிய ஹெரால்ட் சேர்ல்ஸ் 1955-ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையில் வியப்பான ஒன்றைச் சுட்டினார். நோயாளிக்கும் மருத்துவனுக்கும் இடையே நிகழ்வது, மருத்துவனுக்கும் மேற்பார்வையாளருக்கும் இடையே நிழலாடுகிறது என்பதே அது. எடுத்துக்காட்டாக, எந்த உதவியையும் ஏற்காத நோயாளி ஒருத்தியைக் கவனிக்கும் மாணவன், தன்னையறியாமல் தானும் ஆசிரியரின் ஒவ்வொரு யோசனையையும் தட்டிக்கழிக்கிறான். ஆசிரியருக்கு எரிச்சல் மூளுகிறது. அந்த எரிச்சலை மாணவன்மீது கொட்டுகிறவர் சாதாரண ஆசிரியர். ‘இது எங்கிருந்து வருகிறது?’ என்று நின்று வினவுகிறவர், மாணவன் சொல்லில் வடிக்க இயலாத நோயாளியின் நிலையைக் கண்டுகொள்ளுகிறார். மாணவனும் அன்றைக்குத் தான் குற்றவாளி அல்லன் என்று உணர்ந்து, இன்னும் கொஞ்சம் பேசுகிறான்.

மாணவனின் மனத்தை ஆய்பவரும் பணியை மேற்பார்ப்பவரும் ஒருவராக இருக்கலாமா என்ற வழக்கு 1930-களிலேயே எழுந்தது. ஒருவரே முதல் நோயாளியின் வகையிலும் உடனிருத்தல் நன்று என்றார் புடாபெஸ்ட்டின் வில்மா கோவாச். வியன்னாவில் இருவராகப் பிரித்தார்கள். மதிப்பெண் இடுபவரையும் பிரித்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். பிரித்தால் மாணவன் தயக்கமின்றிப் பேசக்கூடும்; ஆனால் மதிப்பெண் இடுபவருக்கு அவனைப் பற்றி என்ன தெரியும்? தகுதியற்றவன் ஒருவன் தேறிவிட்டால், சாத்திய கதவுக்குப் பின்னே அவனிடம் தன் துயரத்தைச் சொல்ல வருகிறவரை யார் காப்பது? இரண்டு பொறுப்பையும் ஒரே மேற்பார்வையாளர் தாங்குவதே பல இடங்களில் இன்றும் வழக்கம்.